பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷன்: 35-க்குத் திணறும் பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்குவது?

#1 புதுக்கரும்பலகை

வணக்கம். மாநிலப் பாடத்திட்டத்தில் 2025–26 பத்தாம் வகுப்புப் படிக்கும் நான்கு பேருக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். இருவர் தமிழ் வழி, இருவர் ஆங்கில வழி. ஒன்பதாம் வகுப்பில் நால்வருமே 20-க்கும் 30-க்கும் நடுவில். வாரம் ஐந்து நாள், தினம் ஒரு மணி நேரம். பள்ளியில் உறவுகளும் சார்புகளும் முடிந்து எண்களும் தொடர்வரிசைகளும் போய்க்கொண்டிருக்கிறது.

பள்ளியோடு சேர்ந்து ஓடுவதா, பின்னால் போய் ஏழாம் எட்டாம் வகுப்புக் கணக்கைச் சரிசெய்வதா? பெற்றோர் இருவர் "பாஸ் ஆனா போதும், முக்கியமான கேள்வி மட்டும் குடுங்க" என்கிறார்கள். அதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது?

#2 சாக்பீஸ்

முதலில் எங்கே உடைந்திருக்கிறது என்று பாருங்கள். இந்தப் பிள்ளைகள் 2020–21-ல் ஐந்தாம் வகுப்பு. பின்னமும் தசமமும் ஊன்ற வேண்டிய ஆண்டில் பள்ளி மூடியிருந்தது. ஆறாம் வகுப்புக்கு 2021 நவம்பரில்தான் கதவு திறந்தது. "படிக்காத பிள்ளை" என்று முடிவு கட்டுவதற்கு முன் இதை நினைவில் வைக்கவேண்டும்.

ஒரே தாளில் 20 சிறு கணக்கு, 25 நிமிடம். ரஃப் ஒர்க்கையும் அதே தாளில் செய்யச் சொல்லுங்கள், அழிக்க விடாதீர்கள். மதிப்பெண் போடவேண்டாம். தவறான விடைகள்தான் நமக்கு வேண்டியவை. (தட்டச்சு வசதிக்காக எக்ஸ், ஒய் என்றே எழுதுகிறேன்.)

−7 + 3, −7 − 3, (−7) × (−3), 12 − (−5). பிறகு 2/3 + 1/4, 3/4 ÷ 1/2, 0.2 × 0.3, 360-ல் 15 சதவீதம். இயற்கணிதத்தில் 3எக்ஸ் + 5 = 20, 5 − 2(எக்ஸ் − 3) சுருக்குக, (எக்ஸ் + 3)² விரிவாக்குக, எக்ஸ்² + 7எக்ஸ் + 12 காரணிப்படுத்துக, (எக்ஸ் + 6)/6 சுருங்குமா? மீதியில் 2³ × 2⁴, 50-இன் வர்க்கமூலம் எளிய வடிவில், 5-ம் 12-ம் செங்கோணப் பக்கங்களானால் கர்ணம், ஒரு வாக்கியக் கணக்கு என நிரப்பிக்கொள்ளுங்கள்.

இனி விடைகளைப் படிக்கும் விதம்.

−7 − 3 = 10 என்று வந்தால், "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்ற பெருக்கல் விதியைக் கூட்டல் கழித்தலுக்கும் போடுகிறான். விதியை மறுபடி சொன்னால் போகாது. ஏழு ரூபாய் கடன் இருக்கிறது, இன்னும் மூன்று ரூபாய் கடன் வாங்கினால் எவ்வளவு கடன் என்று கேட்டால் உடனே பத்து ரூபாய் கடன் என்பான். அதை எண்கோட்டில் குறிக்கச் சொல்லி, −10 என்று அவனையே எழுதவைக்கவேண்டும்.

2/3 + 1/4 = 3/7 என்று வந்தால், பின்னம் ஒரு எண் என்பதே மனதில் இல்லை, நான்கு தனி எண்களாகப் பார்க்கிறாள். மீ.சி.ம. முறைக்கு ஓடாதீர்கள். "2/3 பாதிக்கு மேலா கீழா? 3/7 பாதிக்கு மேலா கீழா?" என்று கேளுங்கள். பாதிக்கு மேல் உள்ளதோடு ஒன்றைக் கூட்டி, பாதிக்குக் கீழ் எப்படி வந்தது என்று அவளுக்கே உறுத்தும். உறுத்திய பிறகு சொல்லிக்கொடுத்தால்தான் முறை நிற்கும்.

5 − 2(எக்ஸ் − 3)-க்கு 3(எக்ஸ் − 3) வந்தால் செயல்வரிசை தெரியவில்லை. 5 − 2எக்ஸ் − 6 வந்தால் அடைப்புக்குள் உள்ள கழித்தல் குறி பெருக்கப்படவில்லை. இரண்டும் வேறு வேறு நோய், ஒரே மருந்து கொடுக்கக்கூடாது. ஆனால் இரண்டையும் பிடிக்க ஒரே கருவி உண்டு: எக்ஸ் இருக்கும் இடத்தில் 10 போட்டுப் பார்ப்பது. மூலக் கோவை 5 − 14 = −9. முதல் தவறு 21 தரும், இரண்டாவது −21 தரும், சரியான 11 − 2எக்ஸ் மட்டும் −9 தரும். (எக்ஸ் + 3)² = எக்ஸ்² + 9 என்பவனுக்கும் இதுவே: 13-இன் வர்க்கம் 169, அவன் விடை 109. இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பொதுத்தேர்வு வரை உதவும். சிறிய எண்களைப் போடாதீர்கள். இதே கணக்கில் எக்ஸ் = 4 போட்டால் 3(எக்ஸ் − 3)-ம் மூலக் கோவையும் இரண்டுமே 3 காட்டி ஏமாற்றிவிடும்.

#3 திருச்சி ஆசிரியை

அரசு உதவிபெறும் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். (கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 28-இன்படி பள்ளி ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக்கூடாது. மாலைச் சிறப்பு வகுப்பை வைத்துத்தான் எழுதுகிறேன்.) சாக்பீஸ் சொல்லும் சோதனை அவசியம். ஆனால் வினாத்தாளின் அமைப்பையும் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

100 மதிப்பெண், 3 மணி நேரம். ஒரு மதிப்பெண் 14. இரண்டு மதிப்பெண் 14-ல் 10, அதில் 28-ஆவது கட்டாயம். ஐந்து மதிப்பெண் 14-ல் 10, அதில் 42-ஆவது கட்டாயம். எட்டு மதிப்பெண் இரண்டு, செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, இரண்டிலும் 'அல்லது' உண்டு. ஆக 14 + 20 + 50 + 16.

மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு நாங்கள் முதலில் எடுப்பது அந்த 16. கை பழகினால் வரும் மதிப்பெண் அது. அடுத்து புக் பேக் ஒன் மார்க், அதாவது பாடநூலில் ஒவ்வொரு இயலின் கடைசியிலும் உள்ள ஒரு மதிப்பெண் வினாக்கள். இந்த இரண்டில் 24, 25 வந்துவிட்டால் மீதிப் பத்து மதிப்பெண்ணுக்கு இரண்டு ஐந்து மதிப்பெண் கணக்கு போதும். பெற்றோர் கேட்பதில் தவறில்லை. பத்தில் தோற்றால் அந்தப் பிள்ளைக்குப் படிப்பே வெறுத்துவிடும்.

#4 சாக்பீஸ்

டீச்சர், 16-ஐ முதலில் எடுப்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் அது கைப்பழக்கம் மட்டும் இல்லை. வரைபடக் கணக்கின் அட்டவணையில் எக்ஸ் = −3 வந்ததும் எக்ஸ்²-க்கு −9 எழுதும் பிள்ளைக்கு, எத்தனை கிராஃப் ஷீட் கொடுத்தாலும் வளைவரை வராது. தேர்ச்சிக்கு வேண்டியதை மட்டும் சுருக்கித் தரும் 'மினிமம் மெட்டீரியல்' புத்தகத்தில் போட்டுக்காட்டிய அட்டவணையை மக்கப் அடித்து, தேர்வில் எண் மாறி வந்ததும் கையைப் பிசைகிறார்கள். முழு எண்ணைச் சரிசெய்யாமல் அந்த 16 நிலைக்காது.

அதனால் இரண்டையும் ஒன்றாக ஓட்டவேண்டும். ஒரு மணி நேரத்தில் 15 நிமிடம் அடித்தளம், 45 நிமிடம் பத்தாம் வகுப்புப் பாடம். மூன்று நான்கு வாரம் அடித்தளம் மட்டும் என்று உட்கார்ந்தால் பள்ளித் தேர்வில் பிள்ளை இன்னும் பின்னால் போவான், டியூஷன் மேல் நம்பிக்கையும் போய்விடும்.

அடித்தளத்துக்கே உதவும் பத்தாம் வகுப்புப் பகுதிகளை முன்னால் இழுத்துக்கொள்ளலாம். அணிகள் (எண்களை நிரையும் நிரலுமாக அடுக்கிய கட்டம்) நல்ல இடம். இயற்கணித இயலின் கடைசியில் இருந்தாலும் முன்பகுதி எதையும் சார்ந்ததில்லை. இரண்டுக்கு இரண்டு அணிப் பெருக்கல் ஒன்றில் எட்டுப் பெருக்கல், நான்கு கூட்டல், குறிகளோடு. முழு எண் பயிற்சி என்று தனியாகத் தாள் கொடுத்தால் "சின்னப் பிள்ளைக் கணக்கு" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை கூச்சப்படும். அதே பயிற்சி அணியாக வந்தால் ஐந்து மதிப்பெண் கணக்கைக் கற்ற பெருமை வரும். இரண்டு அணிகளைப் பெருக்கி வந்ததன் நிரை நிரல் மாற்றும் (நிரையை நிரலாக எழுதுவது), ஒவ்வொரு அணியின் மாற்றையும் வரிசை மாற்றிப் பெருக்கியதும் சமம் என்று சரிபார்க்கும் கணக்கை நான்கு வெவ்வேறு அணிகளுக்குப் போடவையுங்கள். குறி தவறினால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாது, பிழையைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

#5 கவராயம்

எட்டு மதிப்பெண் பகுதியில் மதிப்பெண் எங்கே போகிறது என்று மட்டும் எழுதுகிறேன்.

வரைபடம். ஒய் = எக்ஸ்² + எக்ஸ் − 2 என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையை எக்ஸ், எக்ஸ்², −2, ஒய் என்று வரி வரியாகப் போடவேண்டும். நேரே ஒய் மட்டும் எழுதினால் எங்கே பிழை என்று பிள்ளைக்கும் தெரியாது, திருத்துபவருக்கும் தெரியாது. எக்ஸ்² வரியை முதலில் முடித்து, "இதில் மைனஸ் ஏதாவது இருக்கா?" என்று பார்த்த பிறகே அடுத்த வரி.

அடுத்தது அளவுத்திட்டம். ஒய் மதிப்புகள் −2 முதல் 18 வரை போகும்போது 1 செ.மீ = 1 அலகு என்று வைத்தால் தாளுக்குள் அடங்காமல் போகலாம். பெரிய ஒய் மதிப்பைப் பார்த்த பிறகே அளவுத்திட்டம் எழுதவேண்டும், அதையும் தாளின் மேல் வலது மூலையில் மறக்காமல்.

பெரும்பாலோர் வழுக்குவது வளைவரையின் அடிப்பகுதியில். எக்ஸ் = −1-லும் 0-விலும் ஒய் = −2. இரண்டு புள்ளியையும் அளவுகோல் வைத்துச் சேர்த்து அடியைத் தட்டையாக்கிவிடுகிறார்கள். நடுவில், எக்ஸ் = −0.5-ல் ஒய் = −2.25. வளைவு கொஞ்சம் கீழே இறங்கித்தான் ஏறவேண்டும். அடுத்தடுத்த இரண்டு ஒய் மதிப்பு ஒன்றாக வந்தால், நடுவில் ஒரு புள்ளி கணக்கிடவேண்டும் என்று பழக்குங்கள். அளவுகோல் நேர்கோட்டுக்கு மட்டும். எதிர் மாறுபாட்டு வரைபடத்திலும் இதே தவறு நடக்கிறது.

"ஒய் = 2எக்ஸ்² வரைந்து 2எக்ஸ்² − எக்ஸ் − 6 = 0-வைத் தீர்க்க" வகையில், இரண்டாவதை முதலாவதிலிருந்து கழித்தால் ஒய் = எக்ஸ் + 6 வரும். கழிக்கும்போது குறி மாற்ற மறந்து ஒய் = −எக்ஸ் − 6 என்று எழுதினால் கோடு வளைவரையைத் தொடவே தொடாது. உடனே "மெய்த்தீர்வு இல்லை" என்று முடித்துவிடுவார்கள். அப்படி முடிக்கும் முன் கழித்தலை ஒருமுறை பார்க்கவேண்டும். சரியாகப் போட்டால் −1.5-லும் 2-லும் வெட்டும்.

வடிவியல். வடிவொத்த முக்கோணத்தில் பக்க விகிதம் 7/4, 3/5 எதுவானாலும் ஒரே வழி: இரண்டில் பெரிய எண் எதுவோ அத்தனை சம வில். பகுதி எண்ணுள்ள புள்ளியை முக்கோணத்தின் முனையோடு சேர். தொகுதி எண்ணுள்ள புள்ளியிலிருந்து அதற்கு இணை. 7/4-ல் அடிப்பக்கத்தை நீட்டவேண்டும் என்பதை மறந்து, படத்துக்கு இடமில்லாமல் போகும். அதற்குத்தான் உதவிப்படம் முதலில்.

அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் கொடுத்த வகையில், அடிப்பக்கத்துக்குக் கீழே ஏன் அந்தக் கோணத்தை வரைகிறோம் என்று ஒருமுறையாவது சொல்லிவிடுங்கள். தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடைப்பட்ட கோணம் எதிர்ப்பக்க வட்டத்துண்டில் அமையும் கோணத்துக்குச் சமம். இது தெரியாத பிள்ளை கோணத்தை மேலே போட்டுவிட்டு வட்டம் எங்கேயோ போகிறது என்று விழிப்பான். பிறகு நடுக்கோடு என்றால் அடிப்பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து வில், குத்துக்கோடு என்றால் அந்த உயரத்தில் இணைகோடு, அவ்வளவுதான் வேறுபாடு.

தொடுகோட்டில் சரிபார்ப்பை விடக்கூடாது. ஆரம் 3 செ.மீ, மையத்திலிருந்து 8 செ.மீ என்றால் நீளம் 55-இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 7.4 செ.மீ. அளந்து 7.8 வந்தால் திருகு இளகிய கவராயம்தான் காரணம். ஜாமெட்ரி பாக்ஸைத் தேர்வுக்கு முன் அல்ல, முதல் நாளே சோதித்துவிடுங்கள்.

#6 புதுக்கரும்பலகை

எல்லோருக்கும் நன்றி. சோதனைத்தாள் நாளையே கொடுக்கிறேன். இன்னொன்று: வகுப்பில் "புரிஞ்சுது சார்" என்கிறார்கள், என் முன்னால் போட்டும் காட்டுகிறார்கள். இரண்டு நாள் கழித்து அதே கணக்கு கேட்டால் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். திரும்பத் திரும்ப விளக்குவதைத் தவிர வழி இருக்கிறதா?

#7 தாமிரபரணி

திரும்ப விளக்குவது குறைந்த பலன் தரும் வழி. விளக்கம் கேட்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும், அந்த உணர்வுதான் பிள்ளையையும் நம்மையும் ஏமாற்றுகிறது.

ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்களும், புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் என இரண்டு வகை. ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தபோது திரும்பப் படித்தவர்கள் மேல். ஒரு வாரம் கழித்து வைத்தபோது எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக மேல். உங்கள் வகுப்பில் நடப்பது அந்த ஐந்து நிமிடத் தேர்வு.

செய்யவேண்டியது: வகுப்பின் முதல் பத்து நிமிடம் நோட்டை மூடி நான்கு கணக்கு. நேற்றையது இரண்டு, போன வாரத்தது ஒன்று, போன மாதத்தது ஒன்று. எண்கள் மாற்றி. வராவிட்டால் ஒரு வரி மட்டும் குறிப்பு கொடுக்கலாம், முழு விளக்கம் வேண்டாம். நினைவைத் தோண்டி எடுக்கும் அந்தச் சிரமம்தான் படிப்பு. அதைத் தவிர்த்துக்கொடுப்பது உதவி ஆகாது.

புது வகைக் கணக்கு தொடங்கும்போது வேறு முறை. அங்கே நேரே "போடு" என்று விட்டால் திணறி வெறுத்துவிடுவார்கள். ஸ்வெல்லர், கூப்பர் 1985-ல் இயற்கணிதத்தில் செய்து பார்த்தது இதுதான்: போட்டுக்காட்டிய கணக்கு ஒன்று, உடனே அதேபோல் பிள்ளை போடுவது ஒன்று என்று இணை இணையாகக் கொடுத்தால், அதே வகைக் கணக்கை விரைவாகவும் குறைந்த பிழையோடும் செய்கிறார்கள். நடைமுறையில் இப்படி: முதல் கணக்கு முழுதும் நாம். இரண்டாவது பிள்ளை. மூன்றாவதில் கடைசி இரண்டு வரி மட்டும் காலியாக விட்டுக் கொடுங்கள். நான்காவதில் முதல் வரி மட்டும் நம்முடையது. ஐந்தாவது முழுதும் பிள்ளை.

10³ + 11³ + … + 20³ வகைக்கு இதைப் பார்க்கலாம். 1 முதல் 20 வரை உள்ள கூடுதலிலிருந்து 1 முதல் 9 வரை உள்ளதைக் கழிக்கவேண்டும்: 210² − 45² = 44100 − 2025 = 42075. பிள்ளைகள் 9-க்குப் பதில் 10 வரை கழித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியைத்தான் காலியாக விடவேண்டும், கடைசிப் பெருக்கலை அல்ல. எந்த வரியில் யோசனை இருக்கிறதோ அந்த வரி பிள்ளையுடையது.

#8 சாக்பீஸ்

இதோடு, வெவ்வேறு வகைக் கணக்குகளைக் கலந்து கொடுப்பதையும் சேர்க்கவேண்டும். அளவியல் இயல் இதற்கு நேரான உதாரணம். பயிற்சி 7.1 முழுக்கப் புறப்பரப்பு, 7.2 முழுக்கக் கன அளவு. எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை, தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது. அங்கேதான் கூம்பின் சாயுயரத்துக்கு உயரத்தைப் போடுவதும், விட்டத்தை ஆரமாக எடுப்பதும், திண்ம அரைக்கோளத்துக்கு 3பைஆர்²-க்குப் பதில் 2பைஆர்² எழுதுவதும்.

ரோரர், டெய்லர் 2007 ஆய்வும் கன அளவுக் கணக்குகளில்தான், கல்லூரி மாணவர்களை வைத்து. வகை வகையாகப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து பயின்றவர்கள் 60. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முதல் கூட்டம் 20, இரண்டாவது 63.

#9 திருச்சி ஆசிரியை

கல்லூரி மாணவரிடம் வந்த முடிவை 22 மதிப்பெண் பிள்ளையிடம் முதல் வாரமே போடாதீர்கள். பயிற்சியின்போது 60 என்பதைக் கவனியுங்கள். நம் பிள்ளைக்கு அது 20 ஆக இருக்கும். பத்தில் எட்டு தவறு என்றால் மறுநாள் வரமாட்டான். ஒரு வகையை மூன்று நாள் தனியாகப் போட்டு, ஐந்தில் நான்கு சரியாக வந்த பிறகே மற்றதோடு கலக்கவேண்டும். அதுவும் முதலில் இரண்டு வகை மட்டும்: கூம்பும் உருளையும். பிறகு அரைக்கோளம்.

இன்னொரு வழியும் உண்டு, அது சோர்வு தராது. பத்துக் கணக்கைக் கொடுத்து, போடவேண்டாம், எந்தச் சூத்திரம், எது ஆரம், எது உயரம், விடையின் அலகு என்ன என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் பத்துக் கணக்கை 'படித்து' முடித்துவிடலாம். பிழை பெருக்கலில் வருகிறதா தேர்வு செய்வதில் வருகிறதா என்று நமக்கும் பிரிந்து தெரியும்.

#10 சாக்பீஸ்

ஐந்தில் நான்கு வந்த பிறகே கலப்பது என்பது சரி டீச்சர், ஏற்கிறேன். ஆனால் அரையாண்டுக்குப் பிறகுதான் கலப்பது என்று தள்ளிப்போடக் கூடாது. திருப்புதல் தேர்வில் முதன்முதலாகக் கலந்த தாளைப் பார்க்கும் பிள்ளைக்கு அது மிகத் தாமதம்.

#11 நிலவரம்

வாக்கியக் கணக்கு பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆங்கில வழிப் பிள்ளைகளிடம் முதலில் பார்க்கவேண்டியது அதுதான். கேள்வியை வாசிப்பார்கள், எண்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு பெருக்கத் தொடங்குவார்கள். கேள்வியை மூடிவைத்து "என்ன கேட்டிருக்கு, தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். சொல்ல முடியாவிட்டால் கணக்கு தெரியாததல்ல பிரச்சினை. தமிழில் பேசிப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதட்டும். இதில் எந்தக் குறைவும் இல்லை.

உயரங்களும் தொலைவுகளும் பகுதியில் படம் வரைந்தாலே பாதிக் கணக்கு முடிந்தது. இறக்கக்கோணத்தைக் கோபுரத்துக்கும் பார்வைக்கோட்டுக்கும் நடுவில் குறிப்பது வழக்கமான தவறு. அது கிடைக்கோட்டிலிருந்து கீழ்நோக்கி அளப்பது. உச்சியில் ஒரு கிடைக்கோடு வரையாமல் பேனாவை நகர்த்தவே விடாதீர்கள். கோணத்தைக் கீழே ஒன்றுவிட்ட கோணமாக இறக்கிய பிறகுதான் விகிதம். 48 மீட்டர் தொலைவு, 30 பாகை என்றால் உயரம் 48/√3. அதை 48√3 என்று எழுதி 83 மீட்டர் கொண்டுவருவார்கள். 30 பாகை என்றால் உயரம் தொலைவைவிடக் குறைவாகத்தான் இருக்கவேண்டும் என்று படத்தைப் பார்த்தாலே தெரியும். சரியான விடை 16√3, ஏறத்தாழ 27.7 மீட்டர். கணக்குப் போடும் முன் "விடை இதைவிடப் பெரிசா சின்னதா?" என்று ஒரு ஊகம் எழுதவைப்பது இந்த இயலில் பொன்னான பழக்கம்.

#12 தாமிரபரணி

சொல்லிக்கொடுப்பவரின் கை, வாய் பற்றி ஒரு சொல்.

பிள்ளையின் பேனாவை வாங்கி அவன் நோட்டில் எழுதாதீர்கள். நமக்கென்று தனித் தாள் வேண்டும். அவன் நோட்டில் இருப்பது அவன் கையெழுத்து மட்டுமே.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளில் அளந்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சுமார் ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, "தெரியாது" குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நான்கு பேர் வகுப்பில் இதற்கு இன்னும் இடம் உண்டு. ஆனால் வேகமான ஒரு பிள்ளை எப்போதும் முந்திக்கொள்வான். விடையை வாயால் சொல்லாமல் நால்வரும் சிலேட்டிலோ தாளிலோ எழுதி ஒரே நேரத்தில் காட்டட்டும்.

"புரிஞ்சுதா?" என்ற கேள்வியையே விட்டுவிடலாம். அதற்கு ஒரே பதில்தான் வரும். "இந்த வரியிலிருந்து இந்த வரிக்கு எப்படி வந்தோம்?" என்று கேளுங்கள். சரியாகப் போட்ட கணக்கிலும் கேளுங்கள். தவறு செய்தபோது மட்டும் கேட்டால், "ஏன்" என்று நீங்கள் சொன்னதுமே பிள்ளை அழிப்பானை எடுக்கும்.

பிழை நோட்டு ஒன்று தனியாக. தவறிய வரி, சரியான வரி, காரணம். காரணத்துக்கு ஐந்தே சொல்: குறி, பின்னம், சூத்திரம், வாசிப்பு, பார்த்தெழுதல். 'கவனக்குறைவு' என்று எழுத விடாதீர்கள், அதை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது. மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் அந்த வரியையே புதிய எண்ணோடு கேளுங்கள். இரண்டு முறையும் சரியானால் கோடு போட்டு அடித்துவிடலாம். மாதக் கடைசியில் எந்தச் சொல் அதிகம் என்று எண்ணினால் அடுத்த மாதத்து அடித்தள 15 நிமிடத்தில் என்ன எடுப்பது என்று தெரிந்துவிடும்.

#13 கவராயம்

ஒன் மார்க் பற்றி. புக் பேக் விடைகளை '(ஆ), (இ), (இ), (அ)' என்று பாட்டுப்போல் ஒப்பிக்கிறார்கள். விடைகளின் வரிசை மாறினாலோ எண் மாறினாலோ போச்சு. வினாவைப் படித்து நான்கு விடைகளையும் மறைத்து, விடையைச் சொன்ன பிறகே திறக்கவேண்டும். எழுதும்போது குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுதவேண்டும் என்பது வினாத்தாளிலேயே உள்ள அறிவுரை. வெறும் (இ) என்று எழுதிப் பழகிய கையை இப்போதே மாற்றுங்கள்.

#14 திருச்சி ஆசிரியை

தேர்வறை நேரம் பற்றியும் சேர்த்துவிடுகிறேன். வினாத்தாள் படிக்க 10 நிமிடம், விவரங்கள் சரிபார்க்க 5 நிமிடம் தனி. மீதி 180 நிமிடத்தில்: ஒன் மார்க் 20, எட்டு மதிப்பெண் இரண்டும் 40, இரண்டு மதிப்பெண் பத்தும் 40, ஐந்து மதிப்பெண் பத்தும் 70. பத்து நிமிடம் கையில் நிற்கும். படம் வரையும் கணக்கைக் கடைசிக்கு வைக்கும் பிள்ளைகள் நடுங்கும் கையோடு கவராயம் பிடிக்கிறார்கள். ஒன் மார்க் முடிந்ததும் அதைத்தான் எடுக்கவேண்டும்.

ஸ்டெப் மார்க்கை விளக்கிச் சொல்லுங்கள். சூத்திரம், பிரதியிடல், இடைப்படிகள், அலகோடு விடை என்று பிரிந்தே மதிப்பெண் வருகிறது. கட்டாய வினாக்களான 28-ம் 42-ம் புதிதாகத் தோன்றும், மெல்லக் கற்பவர்கள் பார்த்ததும் தாண்டிவிடுவார்கள். கொடுக்கப்பட்டதை எழுதி, படமோ சூத்திரமோ போட்டாலே ஏதாவது கிடைக்க வாய்ப்புண்டு. வெற்றிடத்துக்குக் கிடைக்காது. தவறாகப் போட்டதை ஒரே கோட்டால் அடிக்கட்டும், கிறுக்கி மறைக்கவேண்டாம்.

தேற்றங்களில் தேல்ஸ், கோண இருசமவெட்டி, பிதாகரஸ் மூன்றையும் வரி மனப்பாடமாக அல்லாமல் படத்திலிருந்து எழுதவையுங்கள். முக்கோணத்தின் எழுத்துகளை மாற்றிக் கொடுத்தால் மனப்பாடமா இல்லையா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

#15 புதுக்கரும்பலகை

பெற்றோரிடம் என்ன சொல்வது? தினம் எத்தனை கணக்கு வீட்டுப்பாடம்?

#16 நிலவரம்

வீட்டுப்பாடம் ஆறு கணக்குக்கு மேல் வேண்டாம். நான்கு ஏற்கெனவே போடத் தெரிந்தவை, ஒன்று பழைய இயலிலிருந்து, ஒன்று கொஞ்சம் கடினம். இருபது கொடுத்தால் கைடைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவார்கள், அதைத் திருத்தி உங்களுக்கும் ஒன்றும் தெரியாது.

பெற்றோரிடம் மதிப்பெண்ணைச் சொல்லாதீர்கள், தாளைக் காட்டுங்கள். முதல் நாள் சோதனைத்தாளையும் ஆறு வாரம் கழித்து அதே வகைத் தாளையும் பக்கத்தில் வைத்தால், பள்ளி மதிப்பெண் இன்னும் ஏறாவிட்டாலும் எது மாறியிருக்கிறது என்று அவர்களுக்கே தெரியும். பிள்ளை எதிரிலேயே காட்டுங்கள்.

#17 சாக்பீஸ்

காலாண்டு விடைத்தாள் கைக்கு வந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். இழந்த மதிப்பெண்களை மூன்றாகப் பிரியுங்கள்: தொடவே தொடாதது, தொட்டுத் தவறியது, சரியாகப் போட்டும் படி விட்டதால் போனது. தொடாதது அதிகம் என்றால் இயல்களை இன்னும் எடுக்கவேண்டும். தவறியது அதிகம் என்றால் பிழை நோட்டுக்குத் திரும்பவேண்டும். மூன்றாவது வகை என்றால் எழுதும் முறையை மட்டும் ஒரு வாரம் பழக்கினால் போதும். நான்கு பேருக்கும் அந்த மூன்று எண்களை இங்கே போடுங்கள். அடுத்த பருவத்தில் யாருக்கு எந்த இயலை முன்னால் இழுப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.